ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம்: பொருளாதார வரலாறு எதைத் தேடுகிறது?

நாகர்கோவில் வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு வேடிக்கை பார்க்கலாம். தோவாளை வரை வயலும் தென்னையும் குளமுமாகக் கூடவே வந்த பூமி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து முப்பந்தல் தாண்டியதும் நிறம் மாறிவிடும். காற்றாலை, உடைமரம், செம்மண், பனை. காவல்கிணறு விலக்கில் இறங்கினால் வேறு நாட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அது வேறு நாடுதான். கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சி. கிழக்கே 1801-லிருந்து கும்பெனி, அதன் பிறகு பிரிட்டிஷ் சர்க்கார். நடுவில் இருந்த அந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்றுதான் அழிந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

என் அண்ணன் மகள் பி.ஏ. பொருளியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அதே வழியில் திரும்பி வரும்போது கேட்டாள்: "சித்தப்பா, 2011 சென்சஸ்ல நம்ம மாவட்டத்து எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டுலயே நாமதான் முதல். மாநில சராசரி 80. கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி 82. ஒரே பாஷை, ஒரே சர்க்கார். இந்த வித்தியாசம் எங்கேருந்து வந்தது?"

"மகாராஜா காலத்துலயே இங்க பள்ளிக்கூடம் வந்துட்டுல்லா மக்கா. மிஷன் பள்ளிக்கூடம் வேற," என்றேன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும்.

"அது எனக்கும் தெரியும். அதுதான் காரணம்னு எப்படித் தெரியும்? இங்க மழை உண்டு, அங்க கம்மி. மழை பெஞ்சு, நெல்லு விளைஞ்சு, கையில காசு இருந்ததால பிள்ளைகளைப் படிக்க வச்சிருக்கலாம்லா?"

தோவாளைப் பூச்சந்தை வாசம் பஸ்ஸுக்குள் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்ட அந்த 'எப்படித் தெரியும்' இருக்கிறதே, பொருளாதார வரலாறு என்ற துறை அதை வைத்துத்தான் பிழைக்கிறது. அன்று பஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

'ஏற்பாடு' என்று ஒரு சொல்

இந்தத் துறையில் பத்து வரிக்கு ஒருமுறை வரும் 'இன்ஸ்டிட்யூஷன்' என்ற சொல்லைத் தமிழில் 'நிறுவனம்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்குக் கம்பெனியும் பெயர்ப்பலகையும்தான் கண்ணில் தெரியும். பொருளியலார் மனசில் இருப்பது வேறு. 1993-ல் நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், ஒரு சமூகத்தின் ஆட்ட விதிகள் என்று அதை விளக்கினார். யார் நிலம் வாங்கலாம், யார் வரி கட்ட வேண்டும், யார் கட்ட வேண்டாம், யாருடைய பிராதைக் கோர்ட் எடுத்துக்கொள்ளும், கோவில் தெருவில் யார் நடக்கலாம், யார் தோளில் துணி போடலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். சட்டப் புத்தகத்தில் ஏறிய விதியும் உண்டு, எழுதாமலே ஊர் காவல் காக்கிற விதியும் உண்டு.

நான் இதற்கு 'ஏற்பாடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு வேதப்புத்தகம் ஞாபகம் வரும். வந்தால் வசதிதான். பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் ஒரே அட்டைக்குள் இருக்கிற மாதிரித்தான் ஒரு நாட்டின் விதிகளும். புதியது வந்த பிறகும் பழையது உள்ளே கிடக்கும்.

ஏற்பாட்டுக்கும் வளத்துக்கும் என்ன சம்பந்தம்? பனையை வைத்துச் சொல்கிறேன். தென்னையை வச்சவன் தின்னுட்டு சாவான், பனையை வச்சவன் பாத்துட்டு சாவான் என்பார்கள். கொட்டை போட்டுப் பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் பாளை விடும். அன்றைக்கும் இந்த மரம் என்னுடையதுதான், என் காலத்துக்குப் பிறகு என் மகனுடையது என்ற உறுதி இருப்பவன் கொட்டை போடுவான். நாளைக்கே நிலத்துக்காரன் இறங்கச் சொல்லிவிடுவான் என்று தெரிந்தவன் இருக்கிற மரத்தில் அக்கானி இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவான், புதிதாக ஒன்று வைக்க மாட்டான். இரண்டு பேருக்கும் உழைப்பு ஒன்று, வெயில் ஒன்று. விதி மட்டும் வேறு. ஒரு நாடு முழுக்க லட்சம் பேர் இப்படி யோசித்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்ப்பதுதான் மிச்சக் கதை.

2024-ல் இதே விஷயத்துக்காக டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவருக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது. ஏற்பாடுகளை அவர்கள் இரண்டு வகையாகப் பார்க்கிறார்கள். ஒரு வகை, பெரும்பாலான மக்களுக்குச் சொத்தும் தொழிலும் குரலும் கொடுப்பது. இன்னொரு வகை, கொஞ்சம் பேர் உட்கார்ந்து மற்றவர்களைக் கறப்பது. கறக்கிற ஏற்பாடு உள்ள நாடும் கொஞ்ச காலம் செழிப்பாகத் தெரியலாம், நெடுங்காலம் ஓடாது என்பது அவர்கள் வாதம்.

கோழியா முட்டையா?

வாதம் சரியாகத்தான் படுகிறது. நிரூபிப்பதில்தான் வில்லங்கம். நல்ல ஏற்பாடு இருந்ததால் நாடு வளர்ந்ததா, வளர்ந்த நாட்டுக்கு நல்ல ஏற்பாடு செய்துகொள்ள வசதி வந்ததா? நல்ல கோர்ட்டும் நல்ல பள்ளிக்கூடமும் காசு உள்ள இடத்தில் இருப்பது ஆச்சரியமா? ஆராய்ச்சிக்கூடத்தில் என்றால் இரண்டு தொட்டியில் ஒரே மண் போட்டு, ஒன்றுக்கு மட்டும் உரம் வைத்துப் பார்க்கலாம். நாடுகளை அப்படித் தொட்டியில் வைக்க முடியாது. ஆனால் வரலாறு சில நேரம் தற்செயலாக அந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தத் துறையின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்த மூவர் 2001-ல் வெளியிட்ட கட்டுரையில் பிடித்த தற்செயல், காய்ச்சல். ஐரோப்பியர் குடியேறப் போன இடங்களில் சிலவற்றில் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் அவர்களைக் கொத்தாகக் கொன்றன. அங்கே குடும்பத்தோடு தங்க வழியில்லை. அதனால் கறந்துகொண்டு போவதற்கான ஏற்பாட்டை மட்டும் வைத்தார்கள். காங்கோ அதற்கு உதாரணம். உடம்புக்கு ஒத்துக்கொண்ட ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் தாங்களே வாழப்போகிறோம் என்பதால் சொத்துக்குப் பாதுகாப்பும் ராஜ்யத்துக்குக் கடிவாளமும் வைத்தார்கள். அன்று குடியேறிகள் செத்த கணக்கையும் இன்றைய வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதிகம் செத்த இடங்கள் இன்று ஏழையாக இருக்கின்றன.

இதை எல்லாரும் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சாவுக் கணக்கே பல நாடுகளுக்கு நம்பும்படி இல்லை என்று ஒரு மறுப்பு வந்தது. குடியேறியவர்கள் விதியை மட்டுமா கொண்டு போனார்கள், எழுத்தையும் கைத்தொழிலையும் சேர்த்துத்தானே கொண்டு போனார்கள், வளர்ச்சி அதனால் வந்திருக்கலாமே என்று இன்னொன்று. இரண்டாவது மறுப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலுக்கு வந்ததும் அது திரும்ப வரும்.

எனக்குப் பிடித்தது பெரு நாட்டைப் பற்றி மெலிசா டெல் செய்த ஆய்வு. ஸ்பெயின்காரர்கள் 1573-லிருந்து 1812 வரை ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வளர்ந்த ஆண்களில் ஏழில் ஒருவர் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கோ உவன்காவெலிகா பாதரசச் சுரங்கத்துக்கோ கட்டாய வேலைக்குப் போக வேண்டும். எந்தக் கிராமம் ஆள் அனுப்ப வேண்டும், எது வேண்டாம் என்று கோடு கிழித்து வைத்திருந்தார்கள். டெல் அந்தக் கோட்டை ஒட்டி இரு பக்கமும் உள்ள ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். மலை ஒன்று, மக்கள் ஒன்று, மழை ஒன்று. முறை ஒழிந்து 200 வருஷம் ஆகப்போகிற நேரத்தில், கோட்டுக்கு உள்ளே இருக்கிற குடும்பங்களின் செலவு வெளியே இருப்பவர்களைவிடக் கால்வாசி குறைவாக இருந்தது. ரோடு குறைவு, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகிறவர்களும் குறைவு. விதி போன பிறகும் அதன் தழும்பு போகவில்லை.

இந்தியாவுக்குள்ளேயே

இதே பார்வையில் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் இந்திய மாவட்டங்களைப் பார்த்தார்கள். பிரிட்டிஷார் சில இடங்களில் ஜமீன்தாரிடம் வரி வசூலை ஒப்படைத்தார்கள், சில இடங்களில் குடியானவனிடமே நேராக வாங்கினார்கள். இரண்டாவதற்குப் பெயர் ரயத்துவாரி. சென்னை ராஜதானியில் அதைப் பரப்பியவர் தாமஸ் மன்றோ. (திருவிதாங்கூரில் கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும், முதல்மந்திரி மாதிரியான திவானாகவும் இருந்தவர் ஜான் மன்றோ. இரண்டு பேரையும் ஒருவராக்கி எழுதிய கட்டுரைகளை நானே பார்த்திருக்கிறேன்.) ஜமீன் முறை சட்டப்படி ஒழிந்து பல வருஷம் ஆன பிறகும், பழைய ஜமீன் மாவட்டங்கள் விளைச்சலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் பின்தங்கியிருந்ததை அவர்கள் காட்டினார்கள்.

லட்சுமி ஐயர் 2010-ல் கேட்ட கேள்வி எங்கள் கணவாய்க்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளைக்காரன் நேரே ஆண்ட இடம் நன்றாக இருக்கிறதா, ராஜாக்கள் ஆண்ட இடம் நன்றாக இருக்கிறதா? வெறுமனே ஒப்பிட்டால் விவசாயத்தில் பிரிட்டிஷ் பகுதிதான் மேலாகத் தெரியும். அதில் ஒரு கள்ளம் உண்டு. நல்ல மண்ணாகப் பார்த்துத்தானே அவன் பிடித்தான்! அதனால் அவர் ஒரு தற்செயலைப் பிடித்தார். 1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி, சொந்த வாரிசு இல்லாமல் ராஜா செத்தால் நாட்டைச் சேர்த்துக்கொள்வேன் என்றார். அந்த எட்டு வருஷத்துக்குள் எந்த ராஜா பிள்ளையில்லாமல் சாவார் என்பது மண்ணைப் பார்த்து நடக்கிற காரியமா? அந்தக் கணக்கோடு பார்த்தபோது விவசாய வித்தியாசம் காணாமல் போயிற்று. நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இடங்களில் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், ரோடு மூன்றும் குறைவு என்று மட்டும் தெரிந்தது. அவர் சொல்லும் காரணம் சுவையானது. மோசமாக ஆண்டால் நாட்டைப் பிடுங்கிவிடுவான் என்ற பயம் ராஜாக்களுக்கு இருந்தது. கலெக்டருக்கு அந்தப் பயம் கிடையாது.

மழைக் கணக்கு

இப்போது ஆரல்வாய்மொழிக்கு வரலாம். ஒரு பக்கம் ராஜா, ஒரு பக்கம் கும்பெனி, நடுவில் ஒரு கோடு. மெலிசா டெல் செய்த மாதிரியே செய்துவிடலாம் என்று ஆசையாக இருக்கும். செய்ய முடியாது. என் அண்ணன் மகள் சொன்ன மழைதான் குறுக்கே நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி வால் இங்கேதான் இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு மேற்கே விழுந்துவிடும், கிழக்கே காற்று மட்டும் போகும். காற்றாலை அங்கே நிற்பது சும்மாவா? ராஜ்யம் மாறும் அதே இடத்தில் மழையும் மாறுவதால், வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. கோடு நல்ல கோடுதான், நம் வேலைக்கு ஆகாது.

ஆனாலும் மழையோடு கதை முடிந்துவிடவில்லை. மழை பெய்வது மலையின் காரியம், அந்தத் தண்ணீர் வயலுக்கு வருவது சர்க்காரின் காரியம். கோதையாற்றுத் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தானாக ஓடி வரவில்லை. பழைய பாண்டியன் அணையும் புத்தன் அணையும், 1906-ல் மின்சின் என்ற இன்ஜினியர் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் சேர்ந்துதான் கொண்டு வந்தன. ஆக, இயற்கை என்று நாம் எழுதும் கணக்கிலும் பாதி ஏற்பாடு ஒளிந்திருக்கிறது.

மழையை ஒதுக்கிவிட்டு ஒப்பிட வேண்டும் என்றால் வடக்கே மலபாரைப் பார்க்கலாம். அதே மேற்குக் கடற்கரை, அதே அடைமழை, அதே மிளகும் தென்னையும். 1792-லிருந்து அது கும்பெனி கையில். அங்கே வெள்ளைக்காரன் ஜன்மிமார் என்ற பரம்பரை நிலச்சுவான்தார்களை நிலத்தின் முழுச் சொந்தக்காரராக ஒத்துக்கொண்டான், குடியானவன் எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடப்படுகிற ஆள் ஆனான். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்தறிவில் மலபார் திருவிதாங்கூருக்குப் பின்னால்தான் நின்றது. மழை மட்டும் காரணமாக இருந்தால் இப்படி வந்திருக்கக் கூடாது.

ராஜா நல்லவரா?

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குஷி வந்துவிடும். "பாத்தியா, மகாராஜா ஆட்சி!" என்பார்கள். 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது உண்மை. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். உத்தரவு போட்ட நாட்டில் வேறு என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊழியம் இருந்தது. இன்று சர்ச்சில் அந்தச் சொல்லுக்கு மரியாதையான அர்த்தம். அன்று அதற்கு, கூலி இல்லாமல் சர்க்காருக்கும் கோவிலுக்கும் செய்து தீர வேண்டிய வேலை என்று பொருள். தாழ்த்தப்பட்ட சாதிகளுக்குத் தலைவரி இருந்தது, அது 1815-ல்தான் போயிற்று. நிலத்தோடு சேர்த்து ஆளை விற்கும் அடிமை முறை 1855 வரை சட்டப்படி இருந்தது. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேடி எடுத்தார். அந்த ஓலைகளில் ஆளை விலை பேசியதும் இருக்கிறது. கறக்கிற ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணத்தைத் தேடி அசெமோக்லு காங்கோவுக்குப் போக வேண்டியதில்லை.

அப்படியென்றால் பெருவின் தழும்பு இங்கே ஏன் அந்த மாதிரி நிற்கவில்லை? என் கருத்தில் இந்தக் கட்டுரையின் நடு முடிச்சு இந்தக் கேள்விதான். ராஜாவின் தயவு என்ற பதிலோடு நிறுத்தினால் முடிச்சு அவிழாது. ராஜாவை மூன்று பக்கத்திலிருந்து நெருக்கினார்கள்.

மேலிருந்து நெருக்கியது கும்பெனி. 1805 உடன்படிக்கைப்படி வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம். 1850-களில், ஆட்சியைச் சீர்செய்யாவிட்டால் நாட்டை எடுத்துக்கொள்வோம் என்ற மிரட்டலும் வந்தது. லட்சுமி ஐயர் சொன்ன பயம் இதுதான். 1858-ல் டி. மாதவராவ் திவான் ஆனதும் அதற்குப் பிறகு வந்த சீர்திருத்தங்களும் இந்தப் பின்னணியில் வந்தவை.

பக்கவாட்டிலிருந்து நெருக்கியது லண்டன் மிஷன். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் அழைத்து, மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் இங்கே வந்தார். 1818-ல் மீட் என்ற மிஷனரி நாகர்கோவிலுக்கு வந்தார். அடுத்த வருஷம் தொடங்கிய செமினரிதான் வளர்ந்து இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. அதே காலத்தில் இன்னொரு மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்து லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். எழுத்து ஒரு கை, ஊசி ஒரு கை. லேஸ் விற்ற காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. நெய்யூரில் 1838-ல் வைத்தியப் பணி தொடங்கியது.

அந்த இரண்டாவது மறுப்பு ஞாபகம் இருக்கிறதா? விதி மாறியதால் வளர்ச்சி வந்ததா, எழுத்து வந்ததால் வந்ததா? எங்கள் ஊரில் இரண்டையும் பிரித்து வைக்கவே முடியவில்லை. எழுத்துப் படித்தவன் பிராது எழுதினான், பிராது விதியை அசைத்தது, அசைந்த விதி அடுத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது.

கீழிருந்து நெருக்கியவர்கள் அந்த மக்களேதான். தாழ்த்தப்பட்ட பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எங்கள் பக்கத்தில் மான அவமானப் பிரச்சினையாகவே பேசுவார்கள், அது சரியும்கூட. அதை ஒரு பொருளியல் பாடமாகவும் வாசிக்கலாம். ஜான் மன்றோ காலத்தில் கிறிஸ்தவரான சான்றோர் (நாடார்) குலப் பெண்கள் குப்பாயம், அதாவது ரவிக்கை மாதிரியான சட்டை, போட அனுமதி கிடைத்தது. 1820-களில் கலவரம். 1829-ல் அரசு போட்ட உத்தரவு, குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை கூடாது என்றது. 1858-ல் மறுபடியும் கலவரம், ஆடையைப் பிடித்து இழுத்தார்கள், வீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் வந்த உத்தரவு சான்றோர் குலப் பெண்கள் எல்லாருக்கும் குப்பாயம் போட அனுமதி தந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற வாலை விடவில்லை.

கொடுப்பது, பிடுங்குவது, மறுபடி கொடுப்பது என்ற இந்த இழுபறிக்கு நோபல் வாங்கிய மூவரும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஆளும் கூட்டம் நெருக்கடியில் வாக்குக் கொடுக்கும், நெருக்கடி தீர்ந்ததும் மறந்துவிடும். எதிரே நிற்பவர்களுக்கும் அது தெரியும், அதனால் வாக்கை நம்ப மாட்டார்கள். கடைசியில் அதிகாரத்திலேயே ஒரு பங்கைக் கொடுத்தால்தான் வாக்குக்கு ஜாமீன் கிடைக்கும். 1888-ல் எட்டுப் பேர் கொண்ட சட்டசபை, 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜாசபை என்று திருவிதாங்கூர் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்தது. கோவில் நுழைவு உத்தரவுக்கு 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1040-ஆம் ஆண்டு

நிலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்ன மாதிரி. மார்த்தாண்ட வர்மா 18-ஆம் நூற்றாண்டில் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்களையும் அக்கம்பக்கத்துச் சிற்றரசர்களையும் ஒடுக்கி அவர்கள் நிலங்களைச் சர்க்காரோடு சேர்த்துக்கொண்டார். அவர் நோக்கம் குடியானவன் நலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மிளகு வியாபாரம் முழுவதையும் தன் கையில் வைத்துக்கொண்ட ராஜா அவர். ஆனால் அதன் விளைவாகத் திருவிதாங்கூரில் மிகப் பெரிய நிலச்சுவான்தார் சர்க்காரே ஆயிற்று. 1865-ல், மலையாள ஆண்டு 1040-ல், பண்டாரவகை என்ற சர்க்கார் நிலங்களைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வைத்திருந்தவர்களுக்கு முழு உரிமை கொடுத்து உத்தரவு வந்தது. இனி விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். சர்க்கார் ஒரு கையெழுத்தில் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், நிலம் ஏற்கெனவே அதன் கையில் குவிந்திருந்தது. மலபாரில் ஜன்மி கையில் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் வேறு எதற்காகவோ செய்த காரியம், பின்னால் யாரும் நினைக்காத கதவைத் திறந்துவிட்டது. நிலம் சந்தைக்கு வந்ததும், சிலோன் காப்பித் தோட்டத்திலிருந்து காசோடு திரும்பியவனும் கருப்பட்டி விற்றுச் சேர்த்தவனும் ஒரு துண்டு விளை (மேட்டு நிலத் தோப்பு) வாங்க முடிந்தது.

'பாட்டம்' என்ற சொல்லை எங்கள் பக்கம் இன்றும் சொல்கிறோம். ஏலாவில் வயலைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கேன் என்பார்கள். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பழைய நில முறைகள் தொடர்ந்தன. ஸ்ரீபண்டாரவகை என்ற கோவில் நிலங்களை ரயத்துவாரி ஆக்கவும், ஜன்மிக்குக் கட்டும் ஜன்மிகரத்தை ஒழிக்கவும் 1964-ல் எங்கள் பகுதிக்கென்றே தனிச் சட்டங்கள் போட வேண்டியிருந்தது. பழைய ஏற்பாடு அட்டைக்குள்ளேயே இருந்தது என்றேனே, அதற்காகத்தான்.

மேற்கு எல்லை

இவ்வளவும் சொன்ன பிறகு என் அண்ணன் மகள் ஒரு யோசனை சொன்னாள். எனக்குத் தோன்றாத யோசனை. "கிழக்கு எல்லையில மழை கெடுக்குதுன்னா, மேற்கு எல்லையைப் பாருங்க சித்தப்பா. களியக்காவிளை."

இந்தப் பக்கம் விளவங்கோடும், இன்று கேரளத்தில் இருக்கும் நெய்யாற்றின்கரையும் 1956 வரை ஒரே ராஜ்யத்தின் அடுத்தடுத்த தாலுகா. 1040 உத்தரவு இரண்டுக்கும் ஒன்று, மழை ஒன்று, ரப்பரும் மரச்சீனியும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் முடிந்து, இரண்டு வருஷத்தில் நடுவில் ஒரு கோடு விழுந்தது. ஆரல்வாய்மொழியில் இறந்தகாலம் வேறு, நிகழ்காலம் ஒன்று. களியக்காவிளையில் இறந்தகாலம் ஒன்று, நிகழ்காலம் வேறு. கோட்டுக்கு இரு பக்கமும் சில கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களை எடுத்து, குத்தகைச் சட்டம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அதிகாரம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், கடந்த எழுபது வருஷத்தில் இரண்டு அரசாங்கங்கள் என்ன செய்தன என்று பிரித்துப் பார்க்கலாம்.

இங்கும் ஓட்டை உண்டு. எல்லை ஒழுகுகிறது. விளவங்கோட்டுக்காரன் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போவான், அங்கிருந்து மார்த்தாண்டம் சந்தைக்கு ஆள் வரும். ஒரு பக்கத்து நன்மை மறுபக்கம் வழிந்துவிட்டால் ஒப்பிடுவது எதை? ஒழுக வேண்டிய இடத்தில் ஒழுகவும் செய்யாது. அணை அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம் என்று ஆனதில், நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-லிருந்து விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது.

போன வருஷம் எனக்கே அந்த எல்லையைத் தாண்ட ஒரு காரியம் வந்தது. வீட்டு விளைக்குப் பட்டா சரிசெய்யப் போனபோது மூலப் பிரமாணம் கேட்டார்கள். ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்குள், லேஸ் ஊசிகள் சுற்றிய துணிக்கு அடியில் கிடைத்தது. மலையாள ஆண்டு 1098 (1922-23), மலையாள எழுத்து. வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு பாறசாலையில் ஓய்வு பெற்ற ஒரு ஆதாரம் எழுத்துக்காரரிடம் போனேன். எங்கள் நிலம் எங்களுடையது என்று தமிழ்நாட்டுக்குச் சொல்ல, கேரளத்துக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அது ஒற்றிப் பிரமாணம். 1057-ல் வாங்கிக் கரம் தீர்த்து அனுபவித்து வருகிற பண்டாரவகை விளை, மகன் சிலோனுக்குப் போகிற செலவுக்கு ஒற்றி வைக்கிறோம் என்று இருந்தது. பின்பக்கம் நான்கு வருஷம் கழித்துப் பணம் கட்டி மீட்ட குறிப்பு. அடியில் இரண்டு பேர். பூட்டனார் இடது பெருவிரல் ரேகை வைத்திருந்தார். பக்கத்தில் பூட்டி, அவ்வளவு மலையாளத்துக்கும் நடுவில், தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அண்ணன் மகள் அந்த மூலையை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

வாசித்ததற்கு முந்நூறு ரூபாய். தமிழில் எழுதித் தர இருநூறு கூட என்றார்.